காலநிலை மாற்றத்தை இன்னொருவருக்குப் புரியவைப்பது எப்படி: ஓர் அறிவியல் ஆசிரியையின் குறிப்புகள்

இருபது வருடங்களுக்கு மேலாகப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். காலநிலை மாற்றம் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. முதல் ஏழெட்டு வருடம் தப்பாகத்தான் நடத்தினேன். உடைந்து விழும் பனி, எலும்பும் தோலுமான பனிக்கரடி, வெள்ளத்தில் மூழ்கிய தெரு என்று படம் காட்டி ஆரம்பிப்பேன். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். பரீட்சைத் தாளைத் திருத்த உட்கார்ந்தால், பாதிப் பேர் 'ஓசோனில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக வெயில் அதிகமாக உள்ளே வருவதால் பூமி சூடாகிறது' என்று எழுதியிருப்பார்கள். நான் காட்டிய படங்கள் எல்லாம் மனதில் நின்றிருந்தன. அறிவியல் மட்டும் நிற்கவில்லை.

பிழை பிள்ளைகளிடம் இல்லை, நான் சொன்ன வரிசையில் இருந்தது. விளைவிலிருந்து தொடங்கினால் பயம் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். பூமிக்கு எவ்வளவு வெப்பம் வருகிறது, எவ்வளவு போகிறது என்ற வரவு செலவிலிருந்து தொடங்கினால், விளைவுகளில் பாதியை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். மாணவருக்கோ, வீட்டில் கேட்கும் பிள்ளைக்கோ, உடன் வேலை செய்பவருக்கோ, யாருக்குச் சொல்வதானாலும் இது பொருந்தும்.

தேவையானவை: ஒளி ஊடுருவும் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, நீல மை, சொட்டு விடும் குழாய், அடியில் சின்னத் துளை போட்ட வாளி, ஒரு டம்ளர், இரண்டு கண்ணாடிக் குவளைகள், பனிக்கட்டி, ஒரு கல், சின்னதும் பெரியதுமாக இரண்டு ஸ்பாஞ்ச், ஒரு பகடை. நேரம்: இரண்டு பாடவேளை. ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். வரவு செலவு ஒரு நாள், விளைவுகள் இன்னொரு நாள்.

முதலில் தடையை அகற்றுங்கள்

ஓசோன் குழப்பத்தை முதல் ஐந்து நிமிடத்திலேயே தீர்த்துவிடுங்கள். ஓசோன் படலம் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்கள் அதை அரித்தன. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, உலகம் அந்த வாயுக்களைக் கைவிட்டது, படலம் மெல்ல ஆறிவருகிறது. நாம் பேசப்போவது வேறு விஷயம். அங்கே பிரச்சினை உள்ளே வரும் கதிர். இங்கே பிரச்சினை வெளியே போக வேண்டிய வெப்பம். இந்த ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் விடுங்கள்.

அடுத்தது வானிலையும் காலநிலையும். இன்று மழை வருமா என்பது வானிலை. பொதுவாக முப்பது ஆண்டுச் சராசரி காலநிலை. 'போன வாரம் குளிர் நடுக்கியதே, பூமி எங்கே சூடாகிறது?' என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். அவரிடம் வாதாட வேண்டாம். ஏதாவது ஒரு ஊரின் ஐம்பது வருட வெப்பநிலைப் பட்டியலைக் கொடுத்து வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் மேலும் கீழும் குதிக்கும். பிறகு பத்துப் பத்து வருடமாகச் சராசரி எடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். குதிப்பு அடங்கி, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவரே பார்ப்பார். சொல்லிக் கேட்டதைவிடத் தன் பென்சிலால் போட்ட கோட்டை மனிதர் நம்புகிறார்.

வரவு செலவு

பூமி முழுவதற்கும், இரவு பகல் சேர்த்துச் சராசரி பார்த்தால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சூரியனிலிருந்து சுமார் 340 வாட் வருகிறது. அதில் ஏறத்தாழ 100 வாட்டை மேகமும் பனியும் வெளிர்நிற மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 240 வாட் தங்குகிறது. தங்கியது வெளியே போயாக வேண்டும், இல்லாவிட்டால் பூமி சூடேறிக்கொண்டே போகும். எப்படிப் போகும்? பூமியைச் சுற்றி வெற்றிடம். தொட்டுக் கடத்தவும் ஆளில்லை, அள்ளிக்கொண்டு போகக் காற்றும் இல்லை. ஒரே வழி, அகச்சிவப்புக் கதிராக வெளியேறுவது.

240 வாட்டை வெளியேற்ற ஒரு பரப்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வருகிறது. ஆனால் பூமியின் தரைமட்டச் சராசரி சுமார் 15 டிகிரி. நடுவில் உள்ள 33 டிகிரிதான் பசுமை இல்ல விளைவு. இந்த இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். அந்த 33 டிகிரி இல்லாவிட்டால் கடல் உறைந்திருக்கும், நாமும் இருந்திருக்க மாட்டோம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பசுமை இல்ல விளைவு என்றாலே கெட்டது என்று பாடப்புத்தகம் படித்த பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போர்வை கெட்டதில்லை. அளவாக இருந்த போர்வையின் மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டே இருக்கிறோம், அதுதான் சங்கதி.

கோள்களை ஒப்பிடச் சொன்னால் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது புதன். ஆனால் அதிகச் சூடு வெள்ளியில்தான், 460 டிகிரிக்கும் மேல். வெள்ளியின் காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்று சொன்னதும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். அந்த அமைதியைக் கலைக்காதீர்கள்.

மூன்று பேர் கைகோத்து நிற்கட்டும்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இவ்வளவு இருந்தும் இவை போர்வையாவதில்லை. ஏன்? இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு இந்த இடம்தான் பாடத்தின் உயிர்.

இரண்டு பேரை முன்னால் அழைத்துக் கைகோத்து நிற்கச் சொல்லுங்கள். இதுதான் ஆக்சிஜன் மூலக்கூறு. இவர்கள் என்ன செய்ய முடியும்? விலகலாம், நெருங்கலாம். இருவரும் ஒரே மாதிரியான அணுக்கள். அதனால் மின்சுமை ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. அகச்சிவப்புக் கதிர் வந்து தட்டினாலும் பிடித்துக்கொள்ளக் கொக்கி கிடையாது, கதிர் கடந்து போய்விடுகிறது. இப்போது மூன்று பேர் வரிசையாகக் கைகோக்கட்டும். நடுவில் இருப்பவர் கார்பன், ஓரங்களில் ஆக்சிஜன். நடுவில் இருப்பவரை முன்னும் பின்னும் ஆடச் சொல்லுங்கள். வரிசை வில்லாக வளைகிறது, நிமிர்கிறது, மறுபடி வளைகிறது. இந்த வளைவு ஆட்டத்தில் மின்சுமை இங்கும் அங்கும் சாய்கிறது, கொக்கி கிடைத்துவிட்டது. சுமார் 15 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் இந்த ஆட்டத்துக்கு அப்படியே தாளம் சேர்கிறது. பூமி வெளிவிடும் வெப்பத்தில் கணிசமான பங்கு அந்த அலைநீளத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பிடித்த வெப்பத்தைப் பக்கத்து மூலக்கூறுகளோடு மோதிப் பங்கிடும், எல்லாத் திசையிலும் கதிராக வீசவும் செய்யும். கீழே வருவது நம்மைச் சூடாக்குகிறது.

நீராவியும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் இதே வேலையைத் தத்தம் அலைநீளங்களில் செய்கின்றன. இவற்றில் நீராவிக்கே பங்கு அதிகம். ஆனால் அது தானாகத் தொடங்காது. காற்று சூடானால் நீராவி கூடும், குளிர்ந்தால் மழையாகக் கொட்டிவிடும். முடுக்குவது கார்பன் டை ஆக்சைடு, பெருக்குவது நீராவி.

இது நேற்று வந்த ஊகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். 1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, வெப்பமானி செருகி வெயிலில் வைத்துப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த உருளை அதிகம் சூடானது, ஆறவும் அதிக நேரம் எடுத்தது. அப்படிப்பட்ட காற்று பூமிக்கு இருந்தால் பூமியும் சூடாக இருக்கும் என்று அன்றே எழுதினார். எந்தக் கதிர் இந்த வேலையைச் செய்கிறது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்று வருடம் கழித்து ஜான் டிண்டால் பித்தளைக் குழாய் ஒன்றில் வாயுவை அடைத்து, ஒரு முனையில் வெப்ப மூலமும் மறுமுனையில் வெப்பத்தை உணரும் கருவியும் வைத்து அதைப் பிரித்துக் காட்டினார். 1896-இல் ஸ்வான்டே அர்ரீனியஸ், கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். விண்கலமும் இல்லை, கணினியும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு பாட்டில் எடுத்து, ஒன்றில் சோடா மாவும் வினிகரும் கலந்து வரும் வாயுவை நிரப்பி, விளக்கின் கீழ் வைத்து வெப்பமானியைப் பார்க்கும் சோதனை எல்லா இடத்திலும் செய்யப்படுகிறது. நானும் பல வருடம் செய்தேன். வாயு உள்ள பாட்டில் கூடுதலாகச் சூடாகும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகுதான் தெரிந்தது, அதில் ஆர்கான் நிரப்பினாலும் அப்படியே சூடாகும் என்று. ஆர்கானுக்கு அகச்சிவப்பைப் பிடிக்கும் திறனே கிடையாது. கனமான வாயு மேல்காற்றோடு கலக்காமல் அடியில் படிந்து கிடப்பதால் வரும் சூடு அது. சரியான முடிவை, தவறான காரணத்தால் காட்டும் சோதனை. அதைக் கைவிட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள். கைகோத்து நிற்பதில் பொய் இல்லை.

எட்டுச் சொட்டு மை

'ஆயிரத்தில் அரைப் பங்குகூட இல்லாத வாயு இவ்வளவு பெரிய பூமியை என்ன செய்துவிடும்?' நல்ல கேள்வி. இதைக் கேட்பவரை மட்டம் தட்டாதீர்கள்.

ஒரு லிட்டர் தெளிந்த தண்ணீரில் நீல மையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சாதாரணச் சொட்டுக்குழாயில் இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. ஒரு லிட்டருக்கு அது ஐந்தரைச் சொட்டு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது, எட்டரைச் சொட்டு. ஐந்தரைச் சொட்டு விட்ட பாட்டிலையும் எட்டரைச் சொட்டு விட்ட பாட்டிலையும் ஜன்னல் ஓரமாகப் பிடித்து, பின்னால் ஒரு எழுத்துத் தாளை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒளி ஊடுருவ விடும் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் ஒளியை மறைக்காது. மறைப்பது அந்தச் சில சொட்டுகள்தான். நைட்ரஜனும் ஆக்சிஜனும் இங்கே தண்ணீர்.

அளந்தது எப்படி என்றும் கேட்பார்கள். சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் கருவி வைத்து அளக்கத் தொடங்கினார். அப்போது 315 அளவில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் வட அரைக்கோளத்தில் இலை துளிர்க்கும்போது இறங்கி, இலை உதிரும்போது ஏறி, பூமி மூச்சு விடுவதுபோல அந்தக் கோடு அலைகிறது. ஆனால் ஒவ்வொரு மூச்சும் போன வருடத்து மூச்சைவிட மேலே போய் முடிகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு அண்டார்டிக் பனியைத் துளையிட்டு எடுத்த தண்டுகள் இருக்கின்றன. பனிக்குள் சிக்கிய பழங்காற்றுக் குமிழ்கள் எட்டு லட்சம் வருடக் கதையைச் சொல்கின்றன. அத்தனை காலத்திலும் அளவு ஏறத்தாழ 180-க்கும் 300-க்கும் இடையில்தான் ஊசலாடியிருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல்

இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். எதிரில் இருப்பவரைப் போடவிடுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதில் ஏறத்தாழ 640 கிராம் கார்பன், மீதி ஹைட்ரஜன். எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகிறது. 640-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால்? 2.3 கிலோ.

'டீச்சர், முக்கால் கிலோ எரிச்சா ரெண்டே கால் கிலோவா வருமா? கணக்கு தப்பு' என்று எல்லா வருடமும் ஒருவர் எழுந்து நிற்பார். எனக்கு அந்த நிமிடம் அவ்வளவு பிடிக்கும். கூடுதல் எடை எங்கிருந்து வந்தது என்று அவரையே தேட விட்டால், ஆக்சிஜனைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு அந்த 2.3 கிலோ வாயு எவ்வளவு இடம் அடைக்கும் என்று கேளுங்கள். 1,200 லிட்டருக்கும் மேல். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி நிரம்பி வழியும். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டு, மீட்டர் கோலை நிமிர்த்திப் பிடித்துக் காட்டுங்கள். ஒரு லிட்டர் இவ்வளவு.

உலகம் முழுக்க நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதாலும் சிமெண்ட் செய்வதாலும் வருடத்துக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் வெளியேறுகிறது. காடழிப்பு அதற்கு மேல். மீத்தேன் வேறு கணக்கு: கால்நடையின் வயிறு, நீர் தேங்கிய வயல், குப்பைமேடு, கசியும் எரிவாயுக் கிணறு. டன்னுக்கு டன் பார்த்தால் நூறு வருடத்தில் கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும், ஆனால் பன்னிரண்டு வருடம் போல்தான் காற்றில் நிற்கும்.

இது நாம்தான் என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியை மற்றவர்கள் எழுப்பும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுப்புங்கள். காவல்துறை கைரேகை பார்ப்பதுபோல ஒவ்வொரு சந்தேக நபருக்கும் ஒரு ரேகை இருக்கிறது.

சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது வேறு. தரையை ஒட்டிய காற்று சூடாகிறது, அதற்கு மேலே உள்ள அடுக்கு குளிர்கிறது. கீழே வெப்பத்தைப் பிடித்து வைக்கும் போர்வைக்கு மட்டுமே உரிய ரேகை அது. காலநிலை விஞ்ஞானி சுகுரோ மனாபே 1967-லேயே இதைக் கணக்கில் காட்டினார். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிர, 1970-களின் இறுதியிலிருந்து விண்கலங்கள் சூரிய ஒளியை நேரடியாக அளக்கின்றன. பூமி சூடான அளவுக்கு ஈடான ஏற்றம் எதுவும் அதில் இல்லை. எரிமலைகள் ஒரு வருடத்தில் விடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர் விடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பெரிய வெடிப்பு குளிரவைக்கத்தான் செய்யும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபோது கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்து உலகம் அரை டிகிரி போலக் குளிர்ந்தது, ஓரிரு வருடம்.

காற்றில் கூடியிருக்கும் கார்பனுக்கும் முகவரி உண்டு. உயிருள்ளவற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்க ஐசோடோப்பு கொஞ்சம் இருக்கும். பல கோடி வருடம் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முழுக்கச் சிதைந்து போயிருக்கும். புதைபடிவக் கார்பன் சேரச் சேர, காற்றில் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போகிறது. கூடவே காற்றின் ஆக்சிஜனும் மிக மிகச் சிறிதளவு குறைகிறது. எங்கேயோ எதையோ எரிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

வாளி

மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை விட்டுவிடாதீர்கள். துளை போட்ட வாளியைக் குழாயடியில் வையுங்கள். குழாயிலிருந்து வருவதும் துளை வழியாகப் போவதும் சமமாகும்படி திருகைச் சரிசெய்யுங்கள். நீர்மட்டம் அப்படியே நிற்கும். மட்டத்தை மெழுகுப் பென்சிலால் குறியுங்கள். இது தொழிற்புரட்சிக்கு முந்தைய உலகம். குழாய் என்பது இயற்கையாக வரும் கார்பன்: மூச்சு, அழுகல், கடலிலிருந்து வெளிவருவது. துளை என்பது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் காடும் மண்ணும் கடலும். வருவதும் பெரியது, போவதும் பெரியது, மட்டம் மாறவில்லை.

இப்போது ஒரு மாணவி டம்ளரில் தண்ணீர் எடுத்து மெல்லிய தாரையாக வாளிக்குள் ஊற்றட்டும். குழாய் நீரோடு ஒப்பிட்டால் டம்ளர் தாரை ஒன்றுமேயில்லை. ஆனாலும் மட்டம் ஏறும். 'இயற்கை விடுவதைவிட மனிதன் விடுவது மிகக் குறைவுதானே' என்ற வாதத்துக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும். மட்டம் ஏற ஏற, துளை வழியாகப் போவதும் கொஞ்சம் வேகமெடுக்கும். அதையும் காட்டுங்கள். கடலும் நிலமும் அப்படித்தான் நாம் விடுவதில் ஏறத்தாழ பாதியை வாங்கிக்கொள்கின்றன. கடல் அதைச் சும்மா வாங்கவில்லை. கடல்நீரின் பிஎச் 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. பார்க்கச் சின்ன எண். மடக்கை அளவு என்பதால் அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவது அந்த அளவுக்குக் கடினமாகிறது.

பிறகு வகுப்பைக் கேளுங்கள்: 'இவள் ஊற்றும் வேகத்தைக் கூட்டாமல் இதே அளவில் வைத்தால் மட்டம் நிற்குமா?' நிற்கும் என்று முக்கால்வாசிக் கைகள் உயரும். படித்த பெரியவர்களிடம் கேட்டாலும் அப்படித்தான். ஊற்றச் சொல்லுங்கள். ஏறும். வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மெதுவாக, ஆனால் ஏறும். ஒருமுறை ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணே நிமிர்ந்து பார்த்து, 'குறைச்சுட்டேன் டீச்சர், இன்னும் ஏறுதே' என்றாள். உமிழ்வைக் குறைப்பது வேறு, மட்டத்தைக் குறைப்பது வேறு என்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்தக் குரலின் பதற்றம் வந்திருக்காது. ஊற்றுவது நின்றால்தான் மட்டம் நிற்கும். நிகர பூஜ்ஜியம் என்று செய்தியில் வரும் சொல்லுக்குப் பொருள் இதுதான்.

இரண்டாம் நாள்: விளைவுகள்

இதுவரை பூமி எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். 1850 முதல் 1900 வரையான சராசரியோடு ஒப்பிட்டால் 2024-ஆம் ஆண்டு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி அதிகம். அளவீடு தொடங்கியதிலிருந்து அதிகச் சூடான ஆண்டு அது. 'ஒன்றரைதானே?' என்பார்கள். இருபதாயிரம் வருடத்துக்கு முன், கண்டங்கள் மேல் கிலோமீட்டர் கனத்தில் பனி கிடந்தபோது, உலகச் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஐந்தாறு டிகிரிதான் குறைவு. கடல்மட்டம் 120 மீட்டர் கீழே இருந்தது. சராசரியில் ஒரு டிகிரி என்றால் என்ன என்று இதற்குப்பின் விளக்க வேண்டியதில்லை.

கடல்மட்டத்துக்கு இரண்டு குவளை. ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியை மிதக்கவிடுங்கள். மற்றதில் கல்லை வைத்து, கல் மூழ்காத அளவு தண்ணீர் ஊற்றி, அதே அளவு பனிக்கட்டியைக் கல்லின்மேல் வையுங்கள். இரண்டிலும் மட்டத்தைக் குறித்துவிட்டு வேறு வேலை பாருங்கள். உருகியபின் முதல் குவளையில் மட்டம் மாறியிருக்காது, இரண்டாவதில் ஏறியிருக்கும். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி முதல் குவளை. கிரீன்லாந்தும் அண்டார்டிக்காவும் இரண்டாவது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் மட்டும் கடல் சுமார் 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மிகைப்படுத்த வேண்டாம். 1901-இலிருந்து இதுவரை சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, ஏறும் வேகமும் கூடிவருகிறது. அதில் ஒரு பெரிய பங்கு உருகியதால் வந்ததே இல்லை, சூடான தண்ணீர் விரிவதால் வந்தது. கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது.

வறட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தால் எப்படி வரும்? இங்கேதான் ஸ்பாஞ்ச். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஸ்பாஞ்ச் பெரிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்பாஞ்சையும் பெரிய ஸ்பாஞ்சையும் ஈர மேசைமேல் ஒற்றச் சொல்லுங்கள். பெரியது மேசையை வறட்டிவிடும். அதுதான் காய்ந்த மண், பற்றிக்கொள்ளும் காடு. பிறகு இரண்டையும் பிழியச் சொல்லுங்கள். பெரியதிலிருந்து கொட்டும். அதுதான் ஒரே நாளில் ஒரு மாத மழை. உறிஞ்சுவதும் கொட்டுவதும் ஒரே ஸ்பாஞ்ச்.

'அந்தப் புயல் காலநிலை மாற்றத்தால்தான் வந்ததா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லாதீர்கள். பகடையை எடுத்து 5 இருக்கும் முகத்தில் ஒரு புள்ளி கூட்டி 6 ஆக்குங்கள். இனி உருட்டினால் 6 விழுவது இரண்டு மடங்காகும். இந்த 6 பழைய முகத்தால் விழுந்ததா, மாற்றிய முகத்தால் விழுந்ததா என்று தனித்தனியாகப் பார்த்தால் சொல்ல முடியாது. ஆனால் பகடை மாற்றப்பட்டது உண்மை. நிஜத்தில் ஒவ்வொரு வெப்ப அலைக்கும் மழைக்கும் வாய்ப்பு எத்தனை மடங்கு கூடியது என்று விஞ்ஞானிகள் இன்று தனியே கணக்கிட்டே சொல்கிறார்கள். வெப்ப அலையில் இந்தத் தொடர்பு மிக உறுதி. சில புயல்களில் அவ்வளவு உறுதியில்லை. எதில் உறுதி, எதில் இல்லை என்று பிரித்துச் சொல்பவரைத்தான் கேட்பவர் நம்புவார்.

வெள்ளைப் பனி உருகிக் கருநீலக் கடல் வெளிப்பட்டால் வெயிலை அதிகம் உறிஞ்சும், அதனால் ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது. இதற்குச் சோதனை வேண்டாம். வெயிலில் கறுப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் தொட்டுப் பார்க்காதவர் இல்லை.

பயத்தோடு அனுப்பாதீர்கள்

ஒரு வருடம் விளைவுகளைச் சொன்னதோடு மணி அடித்துவிட்டது. எல்லோரும் போனபின் ஒரு சிறுமி மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். 'டீச்சர், நான் பெரியவளாகறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுமா?' என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்கி வைக்கிறேன்.

அவளிடம் சொன்னதையே சொல்கிறேன். இது ஒரு விளிம்பு இல்லை, தாண்டினால் ஒரேயடியாக விழுந்துவிட. இது சரிவு. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதற்கு மேல் போகாதது லாபம். 2015-இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டது, இரண்டு டிகிரிக்கு நன்றாகக் கீழே நிறுத்தி ஒன்றரைக்கு முயல்வது. ஒன்றரையில் நின்றால் வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் போகும், இரண்டில் ஏறத்தாழ எல்லாமே போகும். அரை டிகிரிக்குள் அவ்வளவு உயிர் இருக்கிறது. டம்ளரைக் கீழே வைத்தால், அதாவது நிகர உமிழ்வு நின்றால், வெப்பநிலை ஏறுவதும் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நின்றுவிடும் என்பதே இன்றைய அறிவியல் கணிப்பு. ஏறியது உடனே இறங்காது, ஆனால் மேலே ஏறாது. டம்ளரை வைக்க வழியும் இருக்கிறது: 2010-இலிருந்து 2019-க்குள் சூரிய மின்சாரத்தின் செலவு 85 சதவீதம் குறைந்தது. உமிழ்வில் பெரும்பங்கு மின்சாரம், தொழிற்சாலை, போக்குவரத்து, விவசாயமும் காடழிப்பும். குழந்தையின் தலையில் 'விளக்கை அணை' என்று மட்டும் சொல்லிப் பாரத்தை ஏற்றாதீர்கள். பெரிய முடிவுகளைப் பெரியவர்கள் எடுக்க வேண்டும் என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிந்ததும் மூன்று கேள்வி கேட்பேன், எழுதவிடாமல் வாயால் சொல்லச் சொல்லி. ஓசோனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆக்சிஜன் ஏன் வெப்பத்தைப் பிடிப்பதில்லை? உமிழ்வு இந்த வருடம் கொஞ்சம் குறைந்துவிட்டது, அப்படியானால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் குறையுமா? மூன்றாவதற்குப் பதில் சொல்லும்போது வாயைவிடக் கையைப் பாருங்கள். டம்ளர் சாய்ப்பதுபோல மணிக்கட்டு தானாகத் திரும்பினால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். திரும்பாவிட்டால் வாளியை மறுபடி குழாயடியில் வையுங்கள்.